பறக்கும் படகின் அடிவயிறு

அந்தக் காலத்தில் தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே கிளம்பிய பயணிகள் விமானங்களை மரத்தில் செதுக்குவதுதான் அவருக்குத் தொழில். அடிவயிறு படகு மாதிரி, மேலே இறக்கை. “வாத்துக்கு டிக்கெட் போட்டு வித்திருக்கானுங்கய்யா,” என்பார் அவற்றை வாங்கி விற்கும் கடை முதலாளி. செதுக்குபவர் அதற்கும் சிரிக்கமாட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனிதர்.

அவர் செதுக்க, மனைவி வண்ணம் தீட்டுவாள். ஒரே மேசையில் பதினோரு வருஷம். பிரிந்து இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. அவள் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறாள். ஆனாலும் வேலை பிரியவில்லை. கடை வண்டிக்காரர் செதுக்கிய கட்டையை இங்கிருந்து அங்கே கொண்டுபோவார், வண்ணம் தீட்டியதும் திரும்பக் கொண்டுவருவார். ‘இடது மிதவையில் பசை காயவில்லை’, ‘சன்னல் பதினாலு’ என்று அவர் மரத்தின் அடியில் பென்சிலால் எழுதி அனுப்புவார். அவள் படித்துவிட்டு மேலே வெள்ளை அடிப்பாள். இருவருக்கும் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு விமானத்தின் அடியில் அவர் ‘வீட்டுக்கு வந்துடு’ என்று எழுதினார். அழித்துவிடலாம் என்று உப்புத்தாளைக் கையில் எடுத்தார். மனம் வரவில்லை. அப்படியே கொடுத்தனுப்பிவிட்டார்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. சன்னலோரத்து நீலக் கோடு மயிரிழை பிசகவில்லை. திருப்பி அடியைப் பார்த்தார். வழக்கமாக அவள் இரண்டு தடவை அடிக்கும் வெள்ளைக்கு அடியில் பென்சில் லேசாகத் தெரியும். இந்த முறை சுவடே இல்லை. படித்தாளா, கவனிக்காமல் அடித்துவிட்டாளா? விமானத்தை வைத்துக் கடைக்கென்று எடுத்த பெட்டியோடு நேராக அக்கா வீட்டுக்கே போய்விட்டார்.

கதவைத் திறந்த அக்கா, “மேல இருக்கா,” என்று மட்டும் சொன்னாள்.

மாடியில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தவள் பெட்டியைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“அடியில எழுதியிருந்தேன். பாத்தியா?”

“பாத்தேன். அழுத்தி எழுதிட்டீங்க, மறையவே இல்ல. நாலு தடவை வெள்ளை அடிச்சேன்.”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். அவள்தான் தொடர்ந்தாள்.

“அன்னைக்கு சந்தையில வயித்தப் பிடிச்சுக்கிட்டு உங்களுக்கு போன் பண்ணேன். இறக்கையில பசை வெச்சிருக்கேன், கைய எடுக்க முடியாது, நீ முன்னால ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னீங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தீங்க. அதுக்குள்ள குழந்தை போயிடுச்சு.”

“நான் உடனே வந்திருந்தா…”

“வந்திருந்தாலும் போயிருக்கும். டாக்டரே சொன்னாங்க. பிடிச்சுக்க எனக்கு ஒரு கை இருந்திருக்கும், அவ்வளவுதான்.”

“தப்புதான்மா,” என்றார். இரண்டு வருஷமாகத் தொண்டையிலேயே கிடந்த சொல்.

“கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சுங்க. திரும்பி வர்றதுக்குத்தான் மனசு இல்ல.” சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. “அடுத்த மாசத்துல இருந்து இந்த வேலையும் வேண்டாம்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன்.”

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். அவர் ஏறிய பிறகு பெட்டியைப் பத்திரமாகத் தூக்கிக் கொடுத்தாள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார். கடை இருக்கிற நிறுத்தம் போயிற்று, அடுத்ததும் போயிற்று. டிக்கெட் கேட்க வந்த நடத்துனர் அவர் முகத்தைப் பார்த்தார். திரும்பி வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.