ஒப்பு

கிழக்கேகோட்டையில் கேண்டீன் நடத்தும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஏழு பேர். பெண்ணுக்கு ஓர் இடம், பட்டியல் சாதிக்கு ஓர் இடம், மொழிச் சிறுபான்மைக்கு ஓர் இடம் என்று சங்கத்தின் துணைவிதி தாராளமாகச் சொல்கிறது. மூன்றையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்துவிடலாம் என்று கண்டுபிடித்த புத்திசாலி, செயலாளர் பிரஜின். அப்படித்தான் பதினான்கு வருஷமாகக் காய் நறுக்கிக்கொண்டிருந்த கௌசல்யா குழு உறுப்பினர் ஆனாள்.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்தவள். எட்டாவது வரை தமிழில் படித்தவள். மலையாளம் பேசச் சொன்னால் சந்தைக்காரியையே மடக்கிவிடுவாள், ஆனால் எழுத்து தெரியாது.

"ஒப்புக்குச் சப்பாணியா சேத்திருக்கானுவ, ஏட்டி" என்று சிரித்தாள் மாடம்மாள். அவள் கௌசல்யாவின் அண்ணன் மனைவி, அதே கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். அண்ணன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து மூன்று வருஷமாகப் படுக்கையில் கிடந்தான். மாடம்மாள் கை சோப்புத் தண்ணீரில் இருக்கும்வரைதான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

குழுவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கூட்டம் தொடங்கும்போதே மினிட்ஸ் புத்தகம் சுற்றி வரும், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். தீர்மானத்தைப் பிரஜின் மறுநாள் சாவகாசமாக எழுதிக்கொள்வார். "சேச்சி, இவிடெ ஒரு ஒப்பு" என்பார். மலையாளத்தில் ஒப்பு என்றால் கையெழுத்து. கௌசல்யாவும் 'கௌ' என்ற எழுத்தைக் கொஞ்சம் அகலமாகவே போட்டு வைப்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை, பொய் சொல்வானேன்.

ஜூன் மாதக் கூட்டத்தில் பாத்திரம் கழுவும் பிரிவைக் காண்ட்ராக்ட் கம்பெனிக்குக் கொடுக்கும் பேச்சு வந்தது. கம்பெனி மிஷினோடு வரும், ஆளோடு வரும். இங்கே இருக்கிற பதினொரு பெண்களும் வேண்டாம். பதினொரு பேரும் தமிழ்ப் பெண்கள். கௌசல்யா எழுந்து நின்றாள்.

"அது செய்யருது, சாரே. அவங்க எங்கெ போகும்? மிஷின் கேடாயா யாரு கழுவும்? எனிக்கு இதில் சம்மதமில்ல."

பத்து நிமிஷம் பேசினாள். யாரும் குறுக்கே பேசவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "நல்ல அபிப்ராயம்" என்றார். பிரஜின்கூட ஏதோ குறித்துக்கொண்டார். அப்புறம் டீயும் பழம்பொரியும் வந்தன.

வெளியே காத்திருந்த மாடம்மாளிடம் கௌசல்யா ஓடினாள். "சொல்லிட்டேன் மைனி. தலைவரே நல்ல அபிப்ராயம்னுட்டாரு. பயப்படாத."

மாடம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று கௌசல்யாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலை மூன்றாவது வாரம் நோட்டீஸ் ஒட்டினார்கள். மாதக் கடைசியோடு பதினொரு பேருக்கும் வேலை இல்லை.

கௌசல்யா ஆபீஸுக்குப் போனாள். பிரஜின் ஒளிக்கவில்லை, ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. புத்தகத்தை எடுத்து விரல் வைத்து வாசித்துக் காட்டினார். "விசதமாய சர்ச்சைக்கு சேஷம் ஏககண்டமாயி தீருமானிச்சு." விரிவாக விவாதித்தபின் ஒரே குரலாக முடிவு செய்தார்கள் என்று அர்த்தம். மேலே ஏழு கையெழுத்து. 'கௌ' நல்ல அகலமாக இருந்தது.

"நான் வேண்டாம்னு பறஞ்ஞது எவிடெ?"

"அதல்லே சேச்சி இந்த 'சர்ச்சை'?" என்றார் பிரஜின். "சேச்சி பறஞ்ஞதொக்கெ அதில் உண்டு."

எழுந்து நின்றதும் பத்து நிமிஷப் பேச்சும் ஒரே வார்த்தையில் அடங்கிக் கிடந்தன. அதையும் அவளால் வாசிக்க முடியாது.

"நான் ஒப்புதான் போட்டேன். ஒத்துக்கிடலியே" என்றாள், தமிழிலேயே.

"ஒப்பு இட்டது சேச்சி தன்னெயல்லே?" பிரஜின் உண்மையாகவே குழம்பினார். கெட்ட மனிதரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "இனி பேஜ் திருத்தான் பற்றில்ல, சேச்சி. விஷமிக்கண்டா" என்றார். எழுதிய பக்கத்தைத் திருத்த முடியாது, வருத்தப்படாதீர்கள் என்று தேற்றி அவளுக்கு ஒரு டீ சொன்னார்.

ஜூலைக் கூட்டம் மாதத்தின் கடைசி நாளில் வந்தது. கௌசல்யா இந்தத் தடவை முடிவோடு போனாள். புத்தகம் வந்தபோது பேனாவைத் தொடவில்லை.

"ஒப்பு?" என்றார் பிரஜின்.

"இல்ல. மொதல்ல எழுதுங்க. வாயிச்சுக் காட்டுங்க. அப்புறம் போடுதேன்."

ஆறு தலைகள் நிமிர்ந்தன. யாரும் கோபப்படவில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிரஜின் தலைவரைப் பார்த்தார். தலைவர் லேசாகத் தலையசைத்தார். பிரஜின் அவள் பெயருக்கு நேரே ஏதோ எழுதிப் புத்தகத்தை அடுத்தவருக்குத் தள்ளினார்.

"என்ன எழுதினீங்க?"

"ஹாஜரில்லா" என்றார் அவர், மெதுவாக, வருத்தத்தோடு. "ஒப்பில்லெங்கில் அங்ஙனெ எழுதணும், சேச்சி. அதாணு ரூல்."

வரவில்லை என்று எழுதியாயிற்று. அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். காண்ட்ராக்ட் கம்பெனிக்கு நாளை சாவி கொடுப்பது பற்றிப் பேசினார்கள். ஒருமுறை வாயைத் திறந்தாள். ஆறு பேரும் மரியாதையாக நிறுத்திக் கேட்டார்கள், முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அவளுக்கும் ஒரு டீ வந்தது. கையெழுத்துப் போட்டால் சம்மதம், போடாவிட்டால் ஆளே இல்லை. மூன்றாவதாக ஒரு வழி உண்டா என்று அந்த டீ ஆறி ஆடை கட்டும்வரை யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

வெளியே மாடம்மாள் ரப்பர் கையுறையைக் கழுவி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நாளை வேறு யாரோ போட்டுக்கொள்ளப் போகிற கையுறை. அதை எங்கே ஒப்படைப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"என்ன ஏட்டி, இன்னைக்கும் பேசினியா?"

"பேசினேன் மைனி."

"பின்ன? நீ உள்ளதான இருந்தே?"

கௌசல்யா கையுறையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இல்ல மைனி" என்றாள். "நான் வரலைன்னு எழுதியிருக்கு."