செல்லாத காசில் ஒரு போணி

ஞாயிறன்று பந்தயம். அதற்குள் எனக்கு ஒரு பறக்கும் குதிரை வேண்டும். இல்லையென்றால் அணியில் என் இடம் போய்விடும். அணித்தலைவன் வேறு யாருமில்லை, என் சொந்தத் தம்பி சாய்சரண். சோறு போடுகிற அக்கா என்றெல்லாம் பார்க்கமாட்டான்.

ஆன்லைன் விளையாட்டுதான். "விளையாட்டுதானே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். கல்லூரியில் கணக்கு வகுப்பு எடுத்துவிட்டு மயிலாப்பூர் வந்து சேர்ந்து, அந்த உலகத்தில் மீன் பிடித்து, கத்தி கேடயம் எல்லாவற்றையும் விற்றுக் குதிரைக்காகப் பொற்காசு சேர்த்தவள் நான். விலை கைக்கு எட்டிய வாரம் பார்த்து, காசை நகலெடுக்கிற ஓட்டை ஒன்றை யாரோ புத்திசாலிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். பத்துக் காசு மருந்து பத்தாயிரம் ஆனது. கடைசியில் காசே வேண்டாம், பொருளுக்குப் பொருள் கொடு என்று சந்தையே மாறிவிட்டது. என்னிடம் பொருள் ஏது? காசுதான் மூட்டை மூட்டையாக இருந்தது.

"அத வெச்சுண்டு ஒரு கடலமிட்டாய் கூட வாங்க முடியாது," என்றான் சாய்சரண், இட்லியை விழுங்கிக்கொண்டே. "வேற ஆளப் பாத்துடட்டுமா?"

"பாரேன், தொலைச்சுடுவேன்," என்று தட்டைப் பிடுங்கினேன். உள்ளுக்குள் அழுகை வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். காசு என்றதும் விரட்டினார்கள். கோடியில் ஒரு மீசைக்கார வீரன், பக்கத்தில் வெள்ளைக் குதிரை. 'காசு வாங்கப்படாது' என்று பலகை. திரும்பி நடந்தபோது அவன் குரல் கேட்டது. மைக்கை அணைக்க மறந்திருக்க வேண்டும். பெண் குரல்!

"காலைலேர்ந்து குந்திக்கினு கீறேன், இன்னும் போணி ஆவல. இன்னா சந்தையோ."

போணி! எனக்கு உயிர் வந்தது. இது தி.நகர்ப் பக்கம் கல்லாவில் உட்காருகிற ஆள்தான். முதலில் வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்று பயப்படுகிற ரகம்.

"நான் போணி பண்றேன்," என்றேன் மைக்கில். "ராசியான கை. ஆனா காசுதான் இருக்கு."

"அய்ய, செல்லாத காசா?"

"போணிய வேண்டாம்னு சொல்லலாமா?"

மீசைக்கார வீரன் குதிரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு ஒரே சிரிப்பு. "நல்லா மடக்கிட்டக்கா. ஓட்டிக்கினு போ."

பெயர் உம்மே ஹானி, பாண்டி பஜார் பக்கத்தில் லேஸ் கடை என்றாள். மீசைக்கார வீரன் மூட்டையை வாங்கிப் பயபக்தியோடு தலை குனிந்தான்.

அப்புறம்தான் வேடிக்கை. அவள் அந்தக் காசோடு நேரே எதிர்க்கடை மூலிகைக்காரனிடம் போனாள். "நைனா, இது போணிக் காசு. வேணான்னு சொல்லாத." அவனும் சென்னைதான், அவனுக்கும் போணி ஆகவில்லை. வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனான். அன்றைக்கு அங்கே யாருக்குத்தான் போணி ஆகியிருந்தது? சாயங்காலத்துக்குள் அந்த வரிசை முழுக்கக் காசு செல்லுபடியானது. ஓட்டையை அடைத்துவிட்டோம், மன்னியுங்கள் என்று விளையாட்டுக் கம்பெனியின் அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

ஞாயிறன்று நான் எல்லாருக்கும் முன்னால் பறந்தேன். பின்தங்கியது அணித்தலைவர்தான்.

திங்கட்கிழமை காலை கடை திறக்கிற நேரத்துக்கே உம்மே ஹானியின் லேஸ் கடைக்குப் போனேன். ரவிக்கைக்கு ஒரு லேஸ் பிடித்திருந்தது. நானூறு என்றாள். வாய் பழக்கதோஷத்தில் "இருநூறு" என்றது.

குரலைக் கேட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். "குதிரை அக்கா தானே நீ? அங்க செல்லாத காசுக்குக் குதிரையே குடுத்தேன். இங்க இன்னிக்கு நீதான் போணி. மரியாதையா நானூறு எடு."

பணம் அனுப்பப் போனை எடுத்தேன்.

"போணிக்கு அதெல்லாம் வேணாம். நோட்டா குடு."

கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டாள். தி.நகரில் பேரம் பேசாமல் நான் வாங்கிய முதல் சாமான் அதுதான். மனசு என்னவோ நிறைந்திருந்தது.

சாய்சரணிடம் மட்டும் இருநூறு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.