மூவார் தூணின் படம்

மாதம் ஒரு முறை பதினான்கு விளம்பரப் பலகைகளைப் படம் பிடித்து அனுப்புவதுதான் ஷர்மைனின் வேலை. மூவார் ஊரில் ஐந்து, பத்து பாகாட் ஊரில் நான்கு, குளுவாங்கில் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் மூன்று படம். தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, தூணின் அடியில் போல்ட்டு தெரிகிற மாதிரி ஒன்று. அந்த மூன்றாவது படம்தான் அவளுக்கு ஆகவே ஆகாது. லாலாங் புல் இடுப்பளவு நிற்கும். உள்ளே சேறு, பாம்பு. யார் போவது? மூவாரில் ரோட்டோரமாக நிற்கிற ஒரு தூணின் அடியைப் பளிச்சென்று எடுத்து வைத்திருந்தாள். அதையே அங்கே இங்கே வெட்டி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, ஏழு மாதமாகப் பதினான்குக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள் மகராசி. அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் எல்லாம் சுகம்தானே!

அன்று குளுவாங்கில், பத்து பாகாட்டுக்குப் போகிற சாலையோரப் பலகைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. புது வீட்டு விளம்பரம். ஒரு குடும்பமே முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

வழக்கமான இடத்தில் நின்று, பக்கத்து விளக்குக் கம்பத்தையும் சேர்த்து எடுத்தாள். போன மாதப் படத்தோடு ஒப்பிட்டாள். அதில் கம்பத்துக்கும் பலகைக்கும் நடுவே கீழே எவ்வளவு இடைவெளியோ, மேலேயும் அவ்வளவு இருந்தது. இன்று மேலே பாதிகூட இல்லை. கம்பம்தான் சாய்ந்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். கம்பம் நேராகத்தான் நின்றது.

அந்த இடைவெளியில்தான் சபாபதி சாப்பாட்டு ஒட்டுக்கடை போட்டிருந்தான். "நல்ல நிழல் தம்பி, இங்கயே போடு" என்று இடம் காட்டியதே அவள்தான்.

மேலாளர் டாரிலைக் கூப்பிட்டாள். "போர்டு சாயுது. உடனே ஆள அனுப்புங்க!"

"அலமாக், என்னா ஷர்மைன்? போன மாசம் நீங்கதானே படம் அனுப்புனீங்க? நாலு போல்ட்டும் புதுசு மாதிரி இருக்கு லா. என்ஜினியரே அத பாத்துட்டுத்தான் இந்த வருஷம் வரல."

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஆள் வராது.

"அது இந்த போர்டு இல்ல. மூவார் போர்டு. நான் பொய்யா அனுப்புனேன்."

"எத்தன போர்டுக்கு?" என்றான் டாரில். பதில் சொல்ல அவள் நிற்கவில்லை.

கடையில் ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "சபாபதி, எல்லாரையும் எழுப்பு! போர்டு விழப்போகுது!"

தே தாரிக் டீ ஆற்றிக்கொண்டிருந்த சபாபதி சிரித்தான். "என்னாக்கா, சோத்து நேரத்துல பயமுறுத்துறீங்க? நீங்க குடுத்த படம் இருக்கே!"

விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் அது தொங்கியது. "பலமா இருக்காக்கா?" என்று போன மாதம் அவன் கேட்டபோது, அவள்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தாள். மேலே பார்த்து முகம் சுளிக்கிறவர்களுக்குக் காட்டவென்று அதை லேமினேட் வேறு செய்திருந்தான்.

ஷர்மைன் அதைப் பிய்த்து எறிந்தாள். "இது மூவார் தூணு. உன் தூண நான் ஒரு நாளும் பாத்ததே இல்ல. பாவி நான்! எழுப்புடா!"

அவன் முகம் செத்துப்போனது. கேஸ் அடுப்பை அணைத்தான். சாப்பிட்டவர்கள் தட்டும் கையுமாகச் சாலைக்கு ஓடினார்கள். முதல் காற்று வந்தது. பலகைத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது.

"உன் பொண்டாட்டி எங்க?"

சபாபதியின் கை புல் பக்கம் நீண்டது. "வாசுகி... தூணுகிட்ட தட்டு கழுவுறாக்கா."

ஏழு மாதமாகக் கால் வைக்காத அந்தப் புல்லுக்குள் ஷர்மைன் ஓடினாள். பின்னாலேயே சபாபதி கத்திக்கொண்டு வந்தான்.

வாசுகி முக்காலியில் உட்கார்ந்து தட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுவிய தண்ணீர் ஓடி ஓடித் தூணடி மண் குழியாகிக் கிடந்தது. நான்கு போல்ட்டில் ஒன்றுதான் மிச்சம். அதுவும் மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

"ஐயோ அக்கா," வாசுகி நிமிர்ந்து சிரித்தாள். "மாசா மாசம் படம் எடுக்க இவ்ளோ உள்ள வருவீங்களா? பாவம் நீங்க."

மேலே இரும்பு முனகியது. ஷர்மைன் எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வாசுகியின் கையெல்லாம் சோப்பு. பிடி வழுக்கியது. கடைசி போல்ட்டும் பிடுங்கிக்கொண்டது.