மூன்றாவது முறை எழுதிய பதில்

கல்லூரியின் இணைய வகுப்புக்கான சர்வரை அமைத்தவன் தம்பிதான். யாராவது பத்து நிமிடம் எதையும் அழுத்தாமல் இருந்தால், ஆள் எழுந்து போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டு சர்வர் அவரை வெளியே தள்ளிவிடும். பாதுகாப்புக்கு அதுதான் நல்லது என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டான்.

அவனை நம்பி அந்த வகுப்பில் சேர வந்தவள் அவன் அக்கா. தையல்காரி. ‘ஏன் படிக்க வந்தேன்’ என்ற கட்டுரையை அன்று மாலைக்குள் அனுப்பினால்தான் இடம் நிச்சயம். அவளோ லேப்டாப்பை மூடிவிட்டு, சட்டைக்குப் பொத்தான் வைக்க உட்கார்ந்துவிட்டாள்.

“ரெண்டு தடவ எழுதிட்டேன்டா. அனுப்புனா மறுபடி பாஸ்வேர்டு கேக்குது, எழுதுனது பூரா காணோம். எனக்குப் படிப்பு ஏறாதுன்னு அதுக்கே தெரியுது. விட்டுடு.”

“நான் பண்ணதுல அப்படி ஆகாதுக்கா. நீதான் எதையாவது மாத்தி அழுத்தியிருப்ப. எங்க, எழுது பாப்போம்.”

அக்கா ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப்பிடித்துத் தட்டினாள். அவனுக்குக் கொட்டாவி வந்தது. பாதிக் கொட்டாவியில் சுருக்கென்றது. அவள் தட்டுவதெல்லாம் அவள் திரையோடு சரி. அனுப்பும்வரை சர்வருக்கு ஒன்றும் தெரியாது. அதன் கணக்கில் அக்கா எப்போதோ எழுந்து போய்விட்டாள். சோதித்துப் பார்த்தவன் அவன் ஒருவன்தான், அதுவும் பத்து விரலால், இரண்டே வரி. மகா மேதாவி!

“கோளாறு உன் மண்டையில இல்லக்கா, என் மண்டையில.”

பத்து நிமிடத்தை மூன்று மணி நேரமாக்கி, சர்வரை நிறுத்திக் கிளப்பினான். “இப்ப எழுது. சாவகாசமா எழுது.”

பொழுது சாயும் நேரத்தில் ‘பதில் கிடைத்தது’ என்று திரையில் வந்தது. அக்கா சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். அவன் கேட்டதும் வாசித்துக் காட்டினாள்.

“தம்பியை வளர்ப்பதற்காகத்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மை அதுவல்ல. எனக்குக் கணக்கு வரவில்லை. பயந்து நின்றுவிட்டேன்.”

தன்னால்தான் அக்காவின் படிப்பு போனது என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து மனதுக்குள் குமைந்தவன் அவன்.

“முன்னாடி ரெண்டு தடவையும் இதையா எழுதின?”

“இல்லடா, எல்லாரும் சொல்றதைத்தான் எழுதினேன். மூணாவது தடவையும் அதே பொய்யைத் தட்ட விரல் வலிச்சுது.” பாதியில் விட்ட சட்டையை எடுத்துப் பொத்தானைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “திங்கக்கிழமை கணக்கு வகுப்பாம். பக்கத்துல உக்காருவியா?”

“உக்காருறேன்க்கா,” என்றான்.