டோலுக்குத் தப்பிய லாரி

எங்கள் ஊர் வாய்க்கால் மதகை உடைத்தவன் நான்தான். கையால் தொடவில்லை, வாயால் உடைத்தேன்.

நாலுவழிச் சாலையில், டோல்கேட்டுக்குச் சற்று முன்னால் என் டீக்கடை. வழி கேட்பவனுக்குச் சொல்லாமல் விட்டால் பாவம் என்று நம்புகிற ஆள் நான். ஜல்லி ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர், "டோல் கட்டாம அந்தாண்ட போவ வழி இருக்காண்ணே?" என்றார். டீயோடு வழியையும் கொடுத்தேன். ஊருக்குள் நுழைந்து மதகைத் தாண்டினால் டோல்கேட்டுக்கு அப்பால் ஏறிவிடலாம். ஏறியது லாரி, இறங்கியது மதகு.

டிரைவருக்குக் காயமில்லை. எங்கள் ஊருக்கு இருந்த ஒரே பஸ் மட்டும் மறுநாளிலிருந்து வரவில்லை.

அந்த பஸ்ஸில்தான் என் மனைவி அமுதம் தவளக்குப்பத்து மருந்துக்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது மெயின்ரோடு வரை நடை, தினமும் லேட். இப்படியே போனால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். நீ பைக்கில் கொண்டுபோய் விடலாமே என்பீர்கள். ஒருநாள் விட்டேன். நடுவில் இரண்டு பேருக்கு வழி சொல்ல நிறுத்தினேன்; நடந்து போயிருந்தால் சீக்கிரம் போயிருப்பாள்.

"வாயை வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா நீ?" என்றாள். நியாயமான கேள்வி. மதகைக் கட்டித் தரச் சொல்லிக் கேட்க கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனேன்.

"எஸ்டிமேட் போயிருக்கு" என்றார் கிளார்க்.

"எங்க சார் போயிருக்கு?"

"மேல."

மேலே பார்த்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து டோல்கேட் ஆபீஸ். "சார், டோலுக்குப் பயந்த வண்டியெல்லாம் எங்க ஊர் ரோட்டைத்தான் தின்னுது. வசூலாவற காசுல ஒரு பங்கு எங்க மதகுக்கும் பஸ்ஸுக்கும் குடுத்தா இன்னா?" என்றேன். மேனேஜர் மரியாதையான மனுஷர், தண்ணீர் கொடுத்தார். "நல்ல யோசனைங்க. தெரியப்படுத்தறோம். ஆமா, அந்த வழியை யார் சொல்லிக் குடுக்கறாங்க?" தண்ணீரை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

கடைசியில் பஸ் டெப்போ. இந்த முறை அமுதமும் லீவு போட்டுவிட்டு வந்தாள், நான் யாருக்காவது வழி சொல்லப் போய்விடுவேன் என்று பயம். அங்கே அதிகாரி சிவகாமசுந்தரி மேடம். அமுதத்தின் வேலைக்கு வந்த ஆபத்தில் தொடங்கி, டோல் காசில் பஸ் விடலாம் என்பது வரை என் பிரசங்கத்தை முழுசாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"நீங்க சொல்றது சரிதான். அப்படி ஒரு பங்கு வந்தா உங்க ஊருக்கு ரெண்டு பஸ் கூட விடலாம். ஆனா வராது. அது எங்க கைக்கு வர்ற காசு இல்ல."

"அதெல்லாம் கெடக்கட்டும் மேடம். நானே ஊரைக் கூட்டி மதகைக் கட்டிடறேன். கட்டினா பஸ் வருமா, வராதா? போயிருக்கு, பாக்கறோம்னு மட்டும் சொல்லாதீங்க."

மேடம் என்னைப் பார்க்கவில்லை. அமுதத்தைப் பார்த்தார்.

"வராதும்மா. அது நஷ்டத்துல ஓடுன ரூட்டு. நிறுத்தறதுன்னு முன்னாடியே முடிவாயிடுச்சி. மதகு உடைஞ்சதைக் காரணமா சொல்லிக்கிட்டோம், அவ்வளவுதான். பஸ்ஸை நம்பி வேலையை விட்டுடாதீங்க. வேற ஏற்பாடு பண்ணிக்குங்க."