இடது காதுக்குப் பின்னால்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஊரில் நாலாயிரத்து இருநூறு பேரின் மச்சங்கள் ஒரே நேரத்தில் மறைந்தன. அன்று வெயில் அதிகம். பேருந்து வழக்கம்போலத் தாமதம். காரியம் பதிவு அலுவலகக் கணினிக்காரனுடையது. குடிமக்கள் கோப்புகளைப் பழைய வடிவத்திலிருந்து புதியதற்கு மாற்ற அவன் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் ஒன்றை எழுதியிருந்தான். புதிய வடிவத்தில் ‘அங்க அடையாளம்’ என்ற கட்டமே கிடையாது. இடம் போதாது, பழையதன் மேலேயே எழுது என்று மேலதிகாரி சொன்னதால் நகலும் கிடையாது. கோப்பில் அழிந்தது உடம்பிலும் அழிந்தது. மூக்கு நுனி மச்சத்தோடு முப்பது வருடம் மல்லுக்கட்டிய தபால்காரர் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்.

இடி விழுந்தது கணினிக்காரன் வீட்டில். அம்மாவுக்குக் கண்ணும் காதும் போய்ப் பதினொரு வருடம். வேளாவேளைக்கு ஊட்ட வரும்போது அவன் தலை குனிவான். இடது காதுக்குப் பின்னால் இருக்கும் மச்சத்தைத் தடவிப் பார்த்த பிறகே அவள் வாயைத் திறப்பாள். அன்று தடவினாள், மறுபடி தடவினாள், தட்டைத் தள்ளிவிட்டாள். “யாருடா நீ? என் பிள்ளை வரட்டும், அப்புறம் சாப்பிடுறேன்.” மாவை உருட்டி ஒட்டிப் பார்த்தான்; அவளா ஏமாறுகிறவள்? மூன்று நாள் வெறும் தண்ணீர். பக்கத்து வீட்டு நர்ஸ் ஊட்டியும் பல்லைக் கடித்துக்கொண்டாள். பெற்றவளைப் பட்டினி போட்டுக் கொல்கிறேனே என்று அவன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான்.

நாலாம் நாள் காலை, திருப்பி மாற்றும் ஸ்கிரிப்டை எழுதி முடித்தான். எப்போதும்போலத் தன் கோப்பிலேயே முதலில் சோதித்தான்: கட்டம் காலியென்றால் ‘இடது காதுக்குப் பின்னால் மிளகளவு மச்சம்’ என்று நிரப்பு. ஓட்டினான், காதைத் தொட்டான், ஐயோ, இருந்தது! காலிக் கட்டமாவது ஊராருக்குத் திரும்பட்டும், அவரவர் வந்து நிரப்பிக்கொள்ளட்டும் என்று மொத்தக் கோப்புகளுக்கும் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் பறந்தான். அவசரத்தில் அந்தச் சோதனை வரியை எடுக்கவில்லை.

வீட்டில் அம்மா நர்ஸின் காதுக்குப் பின்னால் விரலை வைத்தபடி, அவள் ஊட்ட ஊட்டச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவன் குனிந்தான். தடவிப் பார்த்துச் சிரித்தாள். “மறுபடியுமா? இப்பத்தானேடா ஊட்டுன!”

யாரும் திருத்தக் கேட்டு வரவில்லை. காலையில் தபால்காரர், மதியம் நர்ஸ், மற்ற வேளைகளில் யாராவது வந்து ஊட்டினார்கள். இவன் தன் முறைக்குக் காத்திருந்தான். ஒன்பது வருடம் கழித்து அவள் இறந்தபோது வாசல் வரிசை மூன்று தெரு நீண்டது. கணினிக்காரன் அவளுடைய கோப்பைத் திறந்து, ‘பிள்ளைகள்’ என்ற கட்டத்தில் ‘ஒன்று’ என்பதை அழித்து ‘நாலாயிரத்து இருநூறு’ என்று எழுதினான். கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.