ஒற்றை இருக்கை

மட்டாஞ்சேரியில் மோட்டார் வண்டி வைத்திருந்தவர்கள் பலர் உண்டு. மனைவி பக்கத்தில் அமராமல் வண்டியைக் கிளப்பமாட்டேன் என்றிருந்தவர் பிச்சுமணி ஒருவரே. வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் அவர் மேலாளர். அலுவலகத்துக்குப் படகில் போய் வருவார். மற்றெங்கு போவதானாலும் பழைய ஹெரால்டு காரின் இடப்பக்க இருக்கையில் கமலாக்ஷி இருந்தாக வேண்டும்.

"அம்மா ஏறாவிட்டால் ஸ்வாமிக்குக் கியர் விழாது" என்று கடைத்தெருவில் சிரிப்பார்கள். தம்பதிகளின் அன்னியோன்னியத்தைப் பற்றிய சிரிப்பு அது. ஆகையால் அவர் மறுத்ததில்லை.

காரணம் வேறு. பன்னிரண்டாம் வயதில் கல்பாத்தித் தெருவில் விளையாடும்போது கிட்டிப்புள் பாய்ந்து அவருடைய இடக்கண் போயிற்று. பார்ப்பவருக்கு ஒரு பழுதும் தெரியாது. ஆனால் அக்கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் அன்றி வேறொன்றும் புலப்படாது. மணமான புதிதில், மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று இடப்பக்கச் சந்திலிருந்து வந்து காரில் மோத இருந்தது. அன்று கமலாக்ஷி அவர் முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்தாள். மறுநாள் முதல் ஒவ்வொரு சந்திலும் அவளே எட்டிப் பார்த்து, வழி இருந்தால் "ம்" என்பாள். இல்லையேல் "நில்லுங்கோ" என்பாள். இருபது ஆண்டுகளாக இவ்வாறே நடந்துவந்தது. அந்தக் கண்ணைப் பற்றி அவர்களிடையே பேச்சு எழுந்ததே இல்லை.

பிச்சுமணிக்கு ஓர் ஆசை இருந்தது. இருபத்திரண்டு வயதில் வேலைக்கான நேர்காணலுக்குச் சென்னை சென்றவர், நண்பன் ஒருவன் இழுத்த இழுப்பில் சோழவரத்து விமானத் தளத்தில் நடந்த கார்ப் பந்தயத்துக்குப் போனார். சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்க, நடுவே ஒருவன் மட்டும் அமரக்கூடிய வண்டிகள். மார்பளவு உடம்பைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு ஒருவன் அவரைக் கடந்து போனான். அந்த நொடியில் பிச்சுமணியின் நெஞ்சில் ஏதோ ஒன்று எழுந்து அவன் பின்னாலேயே போயிற்று, திரும்பி வரவில்லை. பிறகு வேலை வந்தது, தங்கைகளின் கல்யாணம் வந்தது, மகள் பிறந்தாள், அவளும் கணவன் வீடு சென்றாள். நாற்பத்தாறாம் வயதில், சந்தடி ஓய்ந்த வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்கும்போதும் அந்த எஞ்சின் ஓசை காதில் கேட்டது.

அவ்வாண்டுதான் அலுவலகக் கிடங்கின் மூலையில் தார்ப்பாயின் கீழ் அப்படியொரு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி அகப்பட்டது. வண்டிப்பெரியாற்றில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தாமே கட்டியது. சீமைக்குக் கப்பலில் கொண்டுபோக அனுப்பிவிட்டு, பின்னர் வேண்டாம் என்று விட்டுவிட்டார். முறைப்படி அதைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பிச்சுமணி வறீது மேஸ்திரியின் பட்டறைக்கு இழுத்துச் சென்றார். அதிலும் இருந்தது ஹெரால்டு வகை எஞ்சினே. சில மாதங்களில் வறீது அதைப் பேச வைத்துவிட்டான்.

"வண்டி ரெடியாணு சாமி. சாமிதான் ரெடியாகணும். அந்த வயிறையும் கொண்டு உள்ளே ஏறான் பற்றுமோ?"

"பற்றும், ஏற முடியும். நீ உன் வேலையைப் பாரு" என்றார் பிச்சுமணி. இரவு உணவை அன்றே விட்டார்.

"ஏகாதசிக்குக்கூடப் பலகாரத்தை விடமாட்டேள். காருக்காகப் பட்டினி கெடக்கறேளே" என்றாள் கமலாக்ஷி.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில், உத்தரவு பெற்று, தீவின் கிடங்குகளுக்கு இடையேயுள்ள வெற்றுச் சாலையில் ஓட்டிப் பழகினார். கமலாக்ஷி கவிழ்த்து வைத்த ஒரு தேயிலைப் பெட்டியின்மேல் காப்பிப் பிளாஸ்க்குடன் அமர்ந்திருப்பாள். எதிரே வண்டி இல்லை, பக்கத்தில் வண்டி இல்லை. பார்க்க வேண்டிய இடப்பக்கமும் இல்லை. உப்புக் காற்று முகத்தில் அறைய, சாலை முழுவதும் தமக்கே எழுதிவைத்ததுபோல் ஓட்டுவார். இறங்கும்போது அவர் முகத்தில் தோன்றும் களையைக் கமலாக்ஷி கல்யாணத்தன்றும் கண்டதில்லை. அதனாலேயே அவளால் உடனே வாய் திறக்க முடியவில்லை.

சோழவரத்துப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த அன்றுதான் கேட்டாள்.

"ஏன்னா, தனியா ஓட்டறச்சே எனக்குப் பயமில்லை. அங்கே கூட்டமா ஓட்டுவாளே, எடது பக்கம் யாரு பாத்துச் சொல்லுவா?"

இருபது ஆண்டுகளில் முதன்முறையாக அந்தப் பேச்சு எழுந்தது. பிச்சுமணி செய்தித்தாளை மடித்தார்.

"வண்டியில கண்ணாடி வெச்சிருக்கே."

"கண்ணாடி வாயைத் தொறந்து சொல்லுமா?"

அவர் தாளை மீண்டும் விரித்தார். "ஒரே ஒரு தரம், கமலா" என்றார். அக்குரலில் இருந்த ஏக்கத்தைக் கேட்டபின் அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மாசி மாதத்தில் வறீது வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வாளையார் வழியாகச் சோழவரம் போனான். தம்பதியர் எறணாகுளத்தில் ரயில் ஏறினர். விமானத் தளத்தில் வெயில் தகித்தது. ஓட்டுநர்களைச் சோதிக்கும் மருத்துவர் ஒரு கூடாரத்தில் அமர்ந்திருந்தார். வெளியே பெரிய வரிசை.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டு அதைப் படிங்க" என்றார் மருத்துவர்.

பிச்சுமணி இடக்கையால் இடக்கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளைப் படித்தார்.

"இப்ப மத்தக் கண்ணு."

பிச்சுமணி வலக்கையைத் தூக்கி, அதே இடக்கண்ணை மூடினார். அதே எழுத்துகளை, இம்முறை சற்றே தயங்கிப் படித்தார். தாளில் எதையோ எழுதிக்கொண்டிருந்த மருத்துவர் தலை நிமிரவில்லை. கூடார வாயிலில் நின்றிருந்த கமலாக்ஷி கண்டாள். வெளியே வந்தவரிடம் குடையைக் கொடுத்தாள்.

மறுநாள் ஒத்திகை ஓட்டம். முதல் இரண்டு சுற்றுகளைப் பிச்சுமணி ஆயுளில் மறக்கமாட்டார். முன்னே நாலைந்து வண்டிகள், பின்னே நாலைந்து. அந்த இரைச்சலின் நடுவே தாமும் ஓர் இரைச்சல். சின்ன வயதில் இதே தளத்தில் தம்மைவிட்டுப் போன அதனை எட்டிப் பிடித்துவிட்டாற்போல் இருந்தது. அடுத்த சுற்றில், இடப்புறம் வளையும் திருப்பத்தில், அவர் வழக்கம்போல் உட்பக்கமாகச் சாய்ந்தார். அங்கே ஒன்றும் இல்லை என்றே அவர் எண்ணினார். டயர் கதறும் ஒலி கேட்டது. சிவப்பு வண்டி ஒன்று அவருக்கு இடம் விட்டுப் புல்லில் பாய்ந்து, சுழன்று, வைக்கோல் கட்டில் மோதி நின்றது.

வண்டிகளை நிறுத்துமிடத்துக்கு அந்த இளைஞன் தேடி வந்தான். கோயம்புத்தூர்ப் பையன், பெயர் வாஞ்சிநாதன். முழங்கை சிராய்த்திருந்தது.

"மன்னிச்சுக்குங்க சார். நீங்க என்னைப் பார்த்துட்டீங்கன்னு நெனச்சு உள்ள நுழைஞ்சுட்டேன். என் தப்புங்க."

பிச்சுமணி அந்த முழங்கையைப் பார்த்தார். "அடி பட்டுதா?" என்று மட்டும் கேட்டார்.

"வண்டிக்கு மூக்குதானுங்க நசுங்கிருக்கு. எங்கப்பாகிட்ட உங்களைக் காட்டணும் சார். சின்னப் பசங்க வெளையாட்டு என்னத்துக்குடான்னு சும்மா சும்மா கேப்பாரு." போகும்போது திரும்பி, "நாளைக்கு உங்க பின்னாடிதான் நிக்கறேன். இனிமே பாத்துக் கடந்துக்கறேனுங்க" என்றான்.

ஞாயிறு காலை, பந்தயத்துக்கு முன், பிச்சுமணி வண்டியில் ஏறி அமர்ந்தார். வறீது எஞ்சினை ஒரு தரம் உறுமவிட்டு, "பாடுறது கேட்டோ சாமி?" என்றான். பாடத்தான் செய்தது. கமலாக்ஷி சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அவளோடு சண்டையிட்டுவிட்டு ஓட்டலாம். அவள் சொல்லவில்லை. அவர் ஸ்டியரிங்கைத் தடவினார். கையை எடுக்க மனம் வரவில்லை, மறுபடியும் தடவினார். பின்னர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி மருத்துவரின் கூடாரத்துக்கு நடந்தார்.

"டாக்டர், முந்தாநாள் ரெண்டு தரமும் ஒரே கண்ணைத்தான் மூடினேன். இன்னொண்ணு தெரியாது."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. எழுந்துவந்து விளக்கு அடித்துச் சோதித்தார். பின்னர் பட்டியலில் பிச்சுமணியின் பெயரை அடித்தார்.

"இத்தனை தூரம் வந்துட்டு, சாமி..." என்ற வறீது, வண்டியின்மேல் துணியைப் போர்த்தினான்.

இருவரும் மக்களோடு மக்களாகக் கட்டைச் சுவரின்மேல் அமர்ந்தனர்.

"நான் முன்னாடியே வேண்டாம்னு சொல்லியிருக்கணுமோ?" என்றாள் கமலாக்ஷி.

"சொல்லியிருந்தா உன்மேலே கோவப்பட்டிருப்பேன். இப்போ யார்மேலே படறது?"

கொடி விழுந்தது. பின்வரிசையில் அவருக்கென்று விடப்பட்டிருந்த வெற்றிடத்தின்மேல் ஏறிக்கொண்டு சிவப்பு வண்டி போயிற்று. பிச்சுமணியின் வலக்கால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுபோல் தரையை அழுத்திற்று. முதல் சுற்று முடியும் வரையில் கமலாக்ஷி அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ நாம எத்தனாமத்து எடத்துல இருக்கோம்?" என்று கேட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கேலி செய்யவில்லை.

"கடைசிக்கு முந்தி" என்றார்.

இரண்டு சுற்று கழித்து ஒரு வண்டி புகை கக்கி ஒதுங்கியது. "ஒரு எடம் ஏறியாச்சு." அடுத்ததில், "கோயம்புத்தூரான் நம்மளைத் தாண்டிட்டான். கெட்டிக்காரன்" என்றார். அவள் தலையசைத்தாள். சுற்றுக்குச் சுற்று அவள் கேட்பாள். அவர் தமக்குச் சலுகை காட்டாமல் கணக்குச் சொல்வார். திருப்பத்தில் கொஞ்சம் அகலமாகப் போய்விட்டதாகவும், பிரேக் சூடேறிவிட்டதாகவும் சொன்னார்.

கட்டம் போட்ட கொடி அசைந்தது. முன்னே வந்தவனைத் தோளில் தூக்கினார்கள். மற்ற வண்டிகளும் ஒவ்வொன்றாக வந்து ஓய்ந்தன. சனங்கள் செருப்புகளைத் தேடி எழுந்தார்கள். வறீது தொலைவிலிருந்து, லாரி காத்திருப்பதாகக் கையசைத்தான்.

கமலாக்ஷி பையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்தவள், கணவரைப் பார்த்தாள். அவர் ஆளற்ற ஓடுதளத்தின் கோடியில், கானல் அலையும் அந்தத் திருப்பத்தையே நோக்கியிருந்தார்.

"நாம இன்னும் வந்து சேரலை. பாதிச் சுத்து பாக்கி இருக்கு" என்றார்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அமர்ந்தாள்.